போர்ச் செய்தி படித்து ஆங்கிலச் சொல் சேர்ப்பது எப்படி?

"இங்கிலீஷ் பேப்பர் படி, இங்கிலீஷ் தானா வரும்" என்ற அறிவுரையைக் கேட்காதவர் இருக்க முடியாது. எந்தப் பக்கத்தைப் படிப்பது என்றுதான் யாரும் சொல்வதில்லை. முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை மேய்ந்தால் பட்ஜெட் செய்தியில் இருபது புதுச் சொல், நீதிமன்றச் செய்தியில் இருபது, கிரிக்கெட்டில் இருபது என்று சேரும். அறுபதில் ஒன்றுகூட மறுநாள் திரும்பி வராது. திரும்பி வராத சொல் மனதில் தங்காது.

போர்ச் செய்தி அப்படியல்ல. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது முதல் அதே ஊர்கள், அதே ஆயுதங்கள், அதே வினைச்சொற்கள்தான் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. இன்று தெரியாத சொல் நாளைக்கும் வரும், அடுத்த வாரமும் வரும். மனப்பாடத்துக்குச் செலவாகும் உழைப்பில் பாதியைச் செய்தியே செய்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. போரில் சொல்லுக்காகவும் சண்டை நடக்கும். ஒரே நிகழ்ச்சியை ஒரு தரப்பு ஒரு சொல்லால் சொல்லும், மறு தரப்பு இன்னொரு சொல்லால் சொல்லும். செய்தியாளர் மூன்றாவது ஒன்றைத் தேடுவார். இந்த இழுபறியைக் கவனிக்கப் பழகியவருக்குச் சொல்லின் பொருளோடு அதன் எடையும் பிடிபடும். ஆங்கிலம்–தமிழ் அகராதியில் அந்த எடை கிடைக்காது.

தொடங்குமுன் ஒரு ஏற்பாடு. இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களை ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். எழுத்துக்கூட்டலை நீங்களே அகராதியில் தேடி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதுவே முதல் பயிற்சி.

ஒரு போர், ஒரு மாதம்

முதல் 30 நாளுக்கு ஒரே ஒரு போரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று உக்ரைன், நாளை காசா, மறுநாள் சூடான் என்று தாவினால் சொற்கள் ஓரளவு பொதுவாக இருந்தாலும் ஊர்ப் பெயர்களும் அமைப்புப் பெயர்களும் குழப்பும். தெரியாத சொல் எது, தெரியாத பெயர் எது என்றே பிரித்தறிய முடியாமல் போகும்.

தொடக்கநிலைக்கு உக்ரைன் போர் வசதியானது. இரண்டு நாடுகள், ஓரளவு நிலையான போர்முனை, இரு தரப்பும் ஆங்கிலத்தில் அறிக்கை விடுகின்றன. மேற்காசியச் செய்தியில் நாடுகளும் இயக்கங்களும் அடுக்கடுக்காக வரும், அதை இரண்டாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 2023 ஏப்ரல் 15 அன்று தொடங்கிய சூடான் போரில் ராணுவமும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படையும் மோதுகின்றன. தரப்புகள் குறைவு என்றாலும் தமிழில் அதன் பின்னணி அதிகம் கிடைக்காது.

பின்னணியை முதலில் தமிழில் படியுங்கள். யார் யாரோடு, எந்த இடத்தில், எப்போதிருந்து, எதற்காக என்ற நான்கு கேள்விக்கும் ஒரு பக்கத்தில் விடை எழுதுங்கள். ஒரு வரைபடத்தை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். விஷயமும் தெரியாது மொழியும் தெரியாது என்றால் படிப்பு நகராது. விஷயம் தெரிந்திருந்தால் தெரியாத சொல்லின் பொருளைப் பாதி ஊகித்துவிடலாம்.

எதைப் படிப்பது? ராய்ட்டர்ஸ், ஏ.பி. போன்ற செய்தி நிறுவனங்களின் நேரடிச் செய்தி நல்லது. முதல் பத்தியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது எல்லாம் வந்துவிடும். அது கடினமாக இருந்தால் பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் இருக்கிறது. ஒரே செய்தியைப் பல படிநிலைகளில் தரும் பிரேக்கிங் நியூஸ் இங்கிலீஷ் இருக்கிறது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959இல் ஏறக்குறைய 1500 சொற்களை மட்டும் வைத்து, மெதுவாக வாசிக்கும் செய்தியைத் தொடங்கியது. அவ்வளவு சொல் தெரிந்தால் உலகச் செய்தியைப் பின்தொடரலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

தலையங்கம், டிவி விவாதம், சமூக ஊடகப் பதிவு மூன்றும் முதல் மாதம் வேண்டாம். தலையங்கத்தில் உருவகம் அதிகம். விவாதத்தில் முழு வாக்கியமே இருக்காது. சமூக ஊடகத்தில் செய்தியே பொய்யாக இருக்கலாம்.

உங்கள் நிலைக்குப் பொருந்துமா என்று சோதிக்க, ஒரு செய்தியின் முதல் 100 சொல்லை எண்ணி, தெரியாதவற்றின் கீழ் கோடு போடுங்கள். மூன்று முதல் ஆறு என்றால் சரியான இடம். பத்தைத் தாண்டினால் ஒரு படி கீழே இறங்குங்கள். ஒன்றுகூட இல்லை என்றால் மேலே ஏறுங்கள்.

நாளுக்கு 40 நிமிடம்

ஒரு 200 பக்க நோட்டு, இரண்டு நிறப் பேனா, ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் கற்போர் அகராதி ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றில் எதுவானாலும் சரி, மூன்றும் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம்–தமிழ் அகராதி இரண்டாவதாக இருக்கட்டும்.

முதல் 5 நிமிடம் தலைப்புகள் மட்டும். அடுத்த 10 நிமிடம் ஒரே செய்தியை அகராதி இல்லாமல் கடைசிவரை படியுங்கள். புரியாவிட்டாலும் நிற்காதீர்கள். பிறகு 10 நிமிடம் கோடு போட்ட சொற்களைத் தேடுங்கள். அதன்பின் 10 நிமிடம் அந்தச் சொற்களுக்கு அட்டை எழுதுங்கள் (எப்படி என்று பின்னால் சொல்கிறோம்). கடைசி 5 நிமிடம் முதல் இரண்டு பத்திகளைச் சத்தம் போட்டு வாசியுங்கள்.

நாளுக்கு ஆறு சொல் போதும், வாரத்துக்கு ஐந்து நாள். சனி, ஞாயிறு புதுச் சொல் கிடையாது, பழையதைப் புரட்டுவது மட்டும். முதல் வாரம் உற்சாகத்தில் நாளுக்கு இருபத்தைந்து எழுதுகிறவர் பத்தாம் நாள் நோட்டைத் திறக்கவே பயப்படுவார். திருப்பிப் பார்க்க வேண்டிய சொற்கள் வட்டிக் கடன்போல ஏறிக்கொண்டே போகும்.

தலைப்பைப் பிரிப்பது

ஆங்கிலத் தலைப்புக்குத் தனி இலக்கணம் உண்டு. பள்ளியில் படித்த இலக்கணத்தை வைத்து அதைப் படித்தால் புரியாது. பயிற்சிக்காக நாமே ஒரு தலைப்பை அமைத்துக்கொள்வோம்:

"த்ரீ கில்ட், டஸன்ஸ் ஹர்ட் ஆஸ் ட்ரோன்ஸ் பவுண்ட் போர்ட் சிட்டி."

முதலில் "கில்ட்". மூன்று பேர் கொன்றார்களா, கொல்லப்பட்டார்களா? நடுவில் இருக்க வேண்டிய "வேர்" விழுந்துவிட்டது. எனவே கொல்லப்பட்டார்கள். தலைப்பில் செயப்பாட்டு வினையின் துணைச்சொல் பெரும்பாலும் விழும். அடுத்து காற்புள்ளி, அது "அண்ட்" இருக்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. "டஸன்ஸ்" என்றால் பன்னிரண்டு அல்ல. சில டஜன்கள், அதாவது ஏறக்குறைய இருபத்தைந்துக்கு மேல், நூறுக்குள். இதேபோல "ஸ்கோர்ஸ் கில்ட்" என்று வந்தால் கிரிக்கெட் ஸ்கோரை நினைக்க வேண்டாம். "ஸ்கோர்" என்பது இருபது, "ஸ்கோர்ஸ்" என்றால் பல இருபதுகள்.

"பவுண்ட்" பணமாகவும் எடையாகவும் நமக்குத் தெரியும். இங்கே அது வினை: உரலில் மஞ்சள் இடிப்பதுபோல விடாமல் இடிப்பது. ஒரே ஒரு ட்ரோன் வந்து ஒரே ஒரு தடவை வெடித்தால் "பவுண்ட்" வராது, "ஹிட்" போதும். கடைசியாகக் காலம். தாக்குதல் நேற்று நடந்து முடிந்தது, ஆனாலும் வினை நிகழ்காலத்தில் நிற்கிறது. தலைப்பில் நடந்ததற்கு நிகழ்காலம், நடக்கப்போவதற்கு "டு". "என்வாய் டு விசிட் ஃப்ரன்ட்" என்றால் தூதர் போர்முனைக்குச் செல்லவிருக்கிறார்.

தினமும் மூன்று தலைப்பை இப்படி முழு வாக்கியமாக விரித்து எழுதுங்கள். விழுந்துபோன "வேர்", "த", "ஏ" எல்லாவற்றையும் வேறு நிறப் பேனாவில் போடுங்கள். இரண்டே வாரத்தில் தலைப்பு பயமுறுத்தாது.

ஒற்றை மேற்கோள் குறிக்குள் ஒரு சொல் வந்தால் அது பத்திரிகையின் சொல் அல்ல, யாரோ சொன்னது. "ஆம்புஷ்" என்பதை மேற்கோளுக்குள் போட்டிருந்தால், பதுங்கித் தாக்கினார்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது, பத்திரிகை உறுதி சொல்லவில்லை என்று பொருள்.

தலைப்புக்கென்றே சில குட்டிச் சொற்கள் உண்டு. "வவ்" சூளுரைப்பது, "அவுஸ்ட்" பதவியிலிருந்து தூக்குவது, "மல்" யோசித்துக்கொண்டிருப்பது, "கர்ப்" கட்டுப்படுத்துவது, "ஸ்லாம்" கடுமையாகச் சாடுவது, "லூம்" ஆபத்து கவிந்து நிற்பது. படித்துப் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் ஐஇஎல்டிஎஸ் கட்டுரையிலோ அலுவலக மெயிலிலோ போடாதீர்கள். "மேனேஜர் ஸ்லாம்ட் தி ஐடியா" என்று எழுதினால் சுவரொட்டி வாசிப்பதுபோல இருக்கும். அட்டையின் மூலையில் "த" என்று எழுதி வட்டமிட்டால், அது தலைப்புக்கு மட்டுமான சொல் என்று நினைவிருக்கும்.

தெரிந்த சொல்தான் கவிழ்க்கும்

தெரியாத சொல்லுக்கு அகராதி பார்ப்போம். தெரிந்ததாக நினைக்கும் சொல்லுக்குப் பார்க்க மாட்டோம். தவறு பெரும்பாலும் அங்கேதான்.

"கேஷுவல்ட்டி" நம் ஆஸ்பத்திரி வாசலில் பலகையாகத் தொங்குகிறது. போர்ச் செய்தியில் அதை "பலி" என்று மொழிபெயர்ப்பது பலரும் செய்யும் பிழை. இறந்தவரும் காயமடைந்தவரும் சேர்ந்த கணக்கு அது. ராணுவக் கணக்கில் காணாமல்போனவரும் பிடிபட்டவரும்கூடச் சேர்வார்கள். "500 கேஷுவல்ட்டீஸ்" என்பதை 500 பேர் பலி என்று எழுதினால் உயிரோடிருப்பவர்களையும் கொன்றுவிடுகிறோம். இறந்தவர் மட்டும் என்றால் "ஃபெட்டாலிட்டி" அல்லது "டெத் டோல்". "டோல்" என்றதும் சுங்கச்சாவடி நினைவுக்கு வந்தால் தப்பில்லை. போர் வசூலித்த உயிர் என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

"ஸ்ட்ரைக்" நமக்கு வேலைநிறுத்தம், அங்கே தாக்குதல். "ஏர் ஸ்ட்ரைக்" என்பது விமானிகள் போராட்டம் அல்ல. "சாங்ஷன்" வங்கியில் லோன் கொடுப்பது, செய்தியில் "சாங்ஷன்ஸ்" என்று பன்மையில் வந்தால் பொருளாதாரத் தடை. ஒரே சொல்லுக்கு அனுமதியும் தடையும் எதிரெதிர்ப் பொருளாக இருக்கின்றன. "தியேட்டர்" போர் நடக்கும் பரப்பு, "மேகசின்" தோட்டா அடைத்த பெட்டி, "ரவுண்ட்" ஒரு தோட்டா, "இன்டெலிஜென்ஸ்" உளவுத் தகவல். "ஃப்ரெண்ட்லி ஃபயர்" என்பதில் நட்பு எதுவும் இல்லை, தன் படையே தன் ஆளைச் சுட்டுவிடுவது.

உச்சரிப்பிலும் இதே கதை. படைப்பிரிவைக் குறிக்கும் சொல்லை எழுத்தைப் பார்த்து "கார்ப்ஸ்" என்று வாசித்தால் கேட்பவர் காதில் பிணம் என்று விழும். அதை "கோர்" என்றுதான் சொல்ல வேண்டும். ஆட்சிக்கவிழ்ப்பு "கூ", கடைசி எழுத்து ஒலிக்காது. இடிபாட்டுச் சிதறல் "டெப்ரி", அதிலும் கடைசி எழுத்து ஊமை. ஆயுதப் பதுக்கல் "கேஷ்", ரொக்கம் என்பதற்கான சொல்லின் அதே ஒலி. "கர்னல்" என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலை ஒருமுறை பார்த்தால் ஆங்கிலத்தின் மேலிருக்கும் நம்பிக்கையே போய்விடும். லெஃப்டினன்ட் பிரிட்டன் உச்சரிப்பு, லூட்டெனன்ட் அமெரிக்க உச்சரிப்பு. தமிழ்ப் பத்திரிகைகளில் "கொரில்லாப் போர்" என்று வந்தால் குரங்கு ஞாபகம் வரும், ஆனால் ஆங்கிலத்திலும் இரண்டு சொல்லுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலிதான். போர்ச் சொல் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது, சிறு போர் என்று பொருள்.

ஓர் எழுத்து கூடினாலும் பொருள் மாறும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழக அரசு கொண்டுவந்தது "ஆர்டினன்ஸ்", அவசரச் சட்டம். திருச்சியில் இருப்பது "ஆர்ட்னன்ஸ்" ஃபேக்டரி, படைக்கலத் தொழிற்சாலை. நடுவில் ஓர் உயிரெழுத்து இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். "அன்எக்ஸ்ப்ளோடட் ஆர்ட்னன்ஸ்" என்று செய்தியில் வந்தால் வெடிக்காமல் மண்ணில் கிடக்கும் குண்டு.

ஈழத்துக் குடும்பங்களில் இந்தச் சொற்களில் பல ஏற்கெனவே வீட்டுப் பேச்சில் இருக்கின்றன: ஷெல்லடி, பொம்மர், பங்கர், சென்றி, ஆமி. அவர்களுக்கு ஒரே எச்சரிக்கை, பேச்சு வழக்கில் பொருள் நகர்ந்திருக்கும். அங்கே "ரவுண்டப்" என்றால் ஊரைச் சுற்றிவளைத்துத் தேடுவது, ஆங்கிலச் செய்தியில் அதற்கு "கார்டன் அண்ட் சர்ச்". "நியூஸ் ரவுண்டப்" என்று தலைப்பில் பார்த்தால் பதற வேண்டாம், செய்திச் சுருக்கம்தான்.

சொல்லைத் தனியாகப் பிடிக்காதீர்கள், ஏணியாகப் பிடியுங்கள்

தமிழில் "போர்நிறுத்தம்" என்ற ஒரே சொல் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அவற்றைத் தனித்தனியாக எழுதினால் எல்லாவற்றுக்கும் நேரே ஒரே பொருள் விழும். ஏணிபோல அடுக்குங்கள்.

கீழ்ப்படியில் "பாஸ்": உதவிப் பொருள் போகச் சில மணி நேரமோ சில நாளோ நிறுத்துவது. அதன்மேல் "ட்ரூஸ்": தற்காலிக ஓய்வு, முறையான கையெழுத்து வேண்டியதில்லை. 1914 கிறிஸ்துமஸின்போது மேற்குப் போர்முனையில் சிப்பாய்கள் தாங்களாகவே துப்பாக்கியை இறக்கிவைத்தது "கிறிஸ்துமஸ் ட்ரூஸ்". அடுத்து "சீஸ்ஃபயர்": நிபந்தனை எழுதி ஒத்துக்கொள்வது. இலங்கை அரசும் விடுதலைப்புலிகளும் 2002 பிப்ரவரியில் செய்துகொண்ட உடன்பாடு இந்த வகை, நார்வே நடுவில் நின்றது. அதற்கும் மேல் "ஆர்மிஸ்டிஸ்": சண்டையை நிறுத்திவைக்கும் முறையான ராணுவ ஒப்பந்தம். கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று பன்முன்ஜோமில் கையெழுத்தானது ஆர்மிஸ்டிஸ்தான். உச்சியில் இருக்கும் "பீஸ் ட்ரீட்டி", சமாதான உடன்படிக்கை, கொரியாவுக்கு இன்னும் வரவில்லை. அதனால்தான் அந்தப் போர் "டெக்னிக்கலி" முடியவில்லை என்று செய்திகள் எழுதுகின்றன. செய்தித் தலைப்பில் மட்டும் கவனம் தேவை. இடம் மிச்சமாகும் என்பதற்காகச் சீஸ்ஃபயரையும் "ட்ரூஸ்" என்றே போட்டுவிடுவார்கள்.

இதே ஏணியில் வினைகளையும் கட்டுங்கள். மூன்றாம் நாடு அதை "ப்ரோக்கர்" செய்யும், இரு தரப்பும் "அக்ரீ டு" சொல்லும், அது சில நாள் "ஹோல்ட்" ஆகும், ஒருவர் "வயலேட்" செய்வார், பிறகு "கொலாப்ஸ்" ஆகும். வீட்டுத் தரகரை மட்டும் புரோக்கர் என்று பழகிய நமக்கு அதை வினையாகப் போடத் தோன்றாது.

எல்லை தாண்டுவதற்கும் ஓர் ஏணி உண்டு. ஆட்கள் ஒளிந்து நுழைந்தால் "இன்ஃபில்ட்ரேஷன்", 1999 கார்கில் செய்திகளில் நிறைந்திருந்த சொல். அடித்துவிட்டுத் திரும்பினால் "ரெய்ட்". படை உள்ளே போனது, ஆனால் நாட்டையே பிடிக்கும் அளவில் அல்ல என்றால் "இன்கர்ஷன்". 2024 ஆகஸ்டில் உக்ரைன் படை ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குள் நுழைந்ததை ஊடகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் குறித்தன. முழுப் படையெடுப்பு "இன்வேஷன்", பிடித்து உட்கார்ந்தால் "ஆக்யுபேஷன்", தன் நாட்டோடு சேர்த்ததாக அறிவித்தால் "அனெக்ஸேஷன்". கடைசிச் சொல், உக்ரைனின் கிரைமியாவை ரஷ்யா சேர்த்துக்கொண்ட 2014 செய்தியில் கிடைக்கும். ரஷ்ய அரசு 2022இல் "இன்வேஷன்" என்று சொல்லவில்லை, "ஸ்பெஷல் மிலிட்டரி ஆபரேஷன்" என்றது. அந்தப் பெயரைப் பத்திரிகைகள் மேற்கோள் குறிக்குள்தான் போட்டன.

பின்வாங்குவதில் இன்னும் வேடிக்கை. எதிரி தள்ளியதால் பின்னால் போனால் "ரிட்ரீட்". திட்டமிட்டு வெளியேறினால் "வித்ட்ரா". சிதறி ஓடினால் "ரவுட்". 2022 செப்டம்பரில் உக்ரைனின் கார்கிவ் பகுதியிலிருந்து ரஷ்யப் படைகள் விலகியபோது ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் சொன்ன சொல் "ரீகுரூப்", படைகளை மறுசீரமைக்கிறோம் என்று. அதே நிகழ்ச்சி மற்றப் பத்திரிகைகளில் "ரிட்ரீட்", "ரவுட்" என்று வந்தது. உங்கள் நோட்டில் இடப்பக்கம் ஒரு தரப்பின் சொல், வலப்பக்கம் மறு தரப்பின் சொல், நடுவில் செய்தி நிறுவனத்தின் சொல் என்று மூன்று பத்தி போட்டு வாரம் இரண்டு நிகழ்ச்சி எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பயிற்சியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

சொல் மாறினால் சட்டமே மாறும் என்பதற்குப் பழைய உதாரணம் 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி. அமெரிக்கக் கடற்படை கியூபாவைச் சுற்றி நின்றது. அதை "ப்ளாக்கேட்" என்றால் சர்வதேசச் சட்டப்படி போர்ச்செயல் ஆகிவிடும். அதிபர் கென்னடி அக்டோபர் 22 அன்று தொலைக்காட்சியில் பயன்படுத்திய சொல் "குவாரன்டைன்". கொரோனா காலத்தில் நம் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த அதே சொல்.

"த" என்ற ஒரு சொல்

தமிழில் ஆர்ட்டிக்கிள் கிடையாது. அதனால் "த" இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் கண் தாண்டிப் போய்விடும். அது எவ்வளவு விலையுயர்ந்த சொல் என்பதற்கு ஐ.நா. பாதுகாப்பு அவையின் 242ஆம் தீர்மானத்தைப் பாருங்கள்.

1967 ஜூன் போரில் இஸ்ரேல் பிடித்த நிலம்பற்றி அதே ஆண்டு நவம்பர் 22 அன்று நிறைவேறிய தீர்மானம் அது. அந்தப் போரில் கைப்பற்றிய "டெரிட்டரீஸ்" பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படை விலக வேண்டும் என்கிறது ஆங்கில வாசகம். "த டெரிட்டரீஸ்" என்று இல்லை. "த" இல்லாததால் எல்லாப் பகுதியிலிருந்தும் விலக வேண்டியதில்லை என்பது இஸ்ரேல் தரப்பு வாதம். போரில் நிலம் சேர்ப்பது செல்லாது என்று அதே தீர்மானத்தின் முன்னுரை சொல்வதால் எல்லாப் பகுதியும்தான் என்பது அரபு நாடுகளின் வாதம். பிரெஞ்சு வாசகத்தில் இலக்கணமே வேறு, அதை "அந்தப் பகுதிகள்" என்றும் படிக்கலாம். இந்த ஓர் எழுத்துச் சர்ச்சை இன்னும் முடியவில்லை.

பயிற்சி எளிது. ஒரு செய்தியின் முதல் இரண்டு பத்தியை நகலெடுத்து, "ஏ", "ஆன்", "த" எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். மறுநாள் நினைவிலிருந்து நிரப்புங்கள். முதல் தடவை "ஏ ட்ரோன்" என்று வந்தது அடுத்த வரியில் ஏன் "த ட்ரோன்" ஆனது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லுங்கள். புதிதாக அறிமுகமானால் "ஏ", நாம் ஏற்கெனவே பேசியதென்றால் "த". போர்ச் செய்தி இந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றும், ஏனென்றால் எந்த ட்ரோன் என்று குழம்பினால் செய்தியே தவறாகிவிடும்.

யார் சொன்னது?

"செட்" நடுநிலையான சொல். "க்ளெய்ம்ட்" என்றால் சொல்கிறார்கள், நிரூபணம் இல்லை. "அலெஜ்ட்" என்றால் குற்றச்சாட்டு. "கன்ஃபர்ம்ட்" உறுதி. "அட்மிட்டட்" என்றால் மறைத்துவைத்ததை ஒத்துக்கொண்டது. "ரிப்போர்ட்டட்லி" வந்தால் காதில் விழுந்த தகவல். "குட் நாட் பி இன்டிபெண்டன்ட்லி வெரிஃபைட்" என்ற தொடரை அப்படியே மனப்பாடம் செய்துவிடலாம், தினமும் வரும். "க்ளெய்ம்ட்" என்று வந்த இடத்தில் "உறுதிப்படுத்தினார்" என்று தமிழில் சொல்லிவிட்டால் வதந்தியைச் செய்தியாக்கிவிடுகிறோம்.

அட்டை எழுதுவது

சொல் ஒரு பக்கம், தமிழ்ப் பொருள் மறுபக்கம் என்ற அட்டை பரீட்சைக்கு உதவலாம், பேச்சுக்கு உதவாது. முன்பக்கம் செய்தியில் வந்த வாக்கியத்தையே சுருக்கி, ஒரு சொல்லை மட்டும் கோடாக்குங்கள்:

"சிவிலியன்ஸ் ____ த ப்ரன்ட் ஆஃப் த ஷெல்லிங்."

பின்பக்கம் விடை: "போர்". "பேர்" என்ற வினையின் இறந்தகாலம் அது, தமிழ் எழுத்தில் எழுதினால் "போர்" என்றே வந்து நிற்பது தற்செயல். கீழே பொருள்: அடியின் பெரும் பங்கைத் தாங்கினார்கள். அதற்கும் கீழே போரில்லாத ஒரு வாக்கியம் நீங்களே எழுதியது: விலை ஏற்றத்தின் "ப்ரன்ட்" ஏழைகள் தலையில் விழுந்தது என்று ஆங்கிலத்தில். இந்தக் கடைசி வரி இல்லாத அட்டையைப் பெட்டியில் போடாதீர்கள். போருக்கு வெளியே உபயோகப்படாத சொல்லை, உதாரணமாக ஒரு குறிப்பிட்ட ஏவுகணையின் பெயரை, அட்டையாக்கவே வேண்டாம்.

திருப்பிப் பார்க்கும் இடைவெளி 1, 3, 7, 16, 35 நாள். தவறினால் மறுபடி முதல் நாளிலிருந்து. செல்பேசியில் ஆங்கி செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். காகிதம் என்றால் ஐந்து செருப்புப் பெட்டி போதும். ஒரே அட்டை நான்கு தடவை தவறினால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வாக்கியத்தோடு புதிதாக எழுதுங்கள். பெரும்பாலும் குற்றம் உங்கள் ஞாபகத்தில் இல்லை, மோசமான வாக்கியத்தில்தான்.

சனிக்கிழமை 80 சொல்லில் அந்த வாரச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதுங்கள், வாரத்தின் முப்பதில் பத்துச் சொல்லாவது வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதே பத்துச் சொல்லைப் போரே இல்லாத விஷயத்தில் எழுதுங்கள். அமைச்சர் "கேம் அண்டர் ஃபயர்", நிறுவனம் புது ஆப்பை "லாஞ்ச்ட்", மாமியாரும் மருமகளும் "ட்ரூஸ்". நாம் தினம் அஞ்சும் "டெட்லைன்" சொல்லே அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிறைமுகாமிலிருந்து வந்தது. தாண்டினால் சுட்டுவிடுவார்கள் என்று போட்ட கோடு அது.

எங்கே தடுக்கும்

இரவு படுக்கப்போகும்போது படிக்காதீர்கள். சொல் தங்காது, படம் தங்கும். காணொளி வேண்டாம், எழுத்துச் செய்தி போதும். போரைப் பார்த்த குடும்பத்தினர் என்றால் ஆள் சாவைச் சொல்லும் செய்தியைத் தாண்டி, பேச்சுவார்த்தை, தடை, உதவிப் பொருள் பற்றிய செய்திகளை மட்டும் எடுத்துக்கொண்டாலும் சொற்களில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

மூன்றாவது வாரத்தில் எல்லாம் தெரிந்ததுபோலத் தோன்றும். கண் பழகிவிட்டது, வாய் பழகவில்லை. அந்த வாரம் புதுச் சொல்லைப் பாதியாகக் குறைத்து, ஒரு செய்தியைப் பார்க்காமல் ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லி ஒலிப்பதிவு செய்யுங்கள். எங்கே திக்குகிறீர்களோ அதுதான் அடுத்த அட்டை.

31ஆம் நாள் போரை மூடிவைத்துவிட்டு, 2015 சென்னை வெள்ளம்பற்றிய பழைய ஆங்கிலச் செய்தி ஒன்றைத் திறங்கள். "டிஸ்ப்ளேஸ்ட்", "ஸ்ட்ராண்டட்", "எவாகுவேட்", "டிப்ளாய்", "ரிலீஃப்", "டோல்" எல்லாம் அங்கேயும் வரிசையாக நிற்கும். முதல் 100 சொல்லில் கோடு எத்தனை விழுகிறது என்று எண்ணி, முதல் நாள் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.